குத்துமதிப்பு என்று பெயர் வைத்தவன்

மாப்ளே,

அச்சுக்கடை வாசனை போகாத, போஸ்டருக்கான ஒரு மாதிரித் தாள் என் மேசைமேல் கிடக்கிறது. நடுவில் உன் படம். கழுத்துவரை பொத்தான் போட்டு, யாரோ அதட்டி நிற்கவைத்ததுபோல் விறைத்திருக்கிறாய். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. மேலே ‘முதலாம் ஆண்டு நினைவஞ்சலி’. படத்துக்குக் கீழே உன் பெயர். அதற்கும் கீழே, அடைப்புக்குறிக்குள், உன் பெயரைவிடப் பெரிய எழுத்தில் ‘குத்துமதிப்பு’.

உன் மகள் செல்வி சாயங்காலம் கொண்டுவந்து கொடுத்தாள். “மாமா, எழுத்துப் பிழை ஏதாச்சும் இருக்கான்னு பாருங்க. நாளைக்குப் பதினோரு மணிக்குள்ள பிரஸ்ஸுல குடுக்கணும். நம்ம தெருவுல நீங்கதான் பிழையில்லாம எழுதுறவரு” என்றாள். வாசல்வரை போனவள் திரும்பி நின்றாள்.

“அப்பாவுக்கு இந்தப் பேரு எப்படி வந்துச்சு மாமா? எத்தனையோ தடவ கேட்டேன். சிரிப்பாரே ஒழிய சொல்ல மாட்டாரு.”

“ஜீப்புல யாரோ வச்சது ஆத்தா” என்றேன்.

யாரோ. எழுபத்து நான்கு வயதில், செத்துப்போனவனின் மகளிடம் சொன்ன பொய். அந்த யாரோ நான்தான் என்பது உனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. நாளை பதினோரு மணிக்குள் அவளிடம் உண்மையைச் சொல்வேனா, பிழையில்லை என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவேனா என்பது இதை எழுதத் தொடங்கும் இந்த நேரத்தில் எனக்கே தெரியவில்லை. அவளிடம் சொல்வதற்கு முன் உன்னிடம் சொல்லிப் பார்க்கிறேன்.

நான் மன்னிப்புக் கேட்டுப் பழகியவன் இல்லை. என்னிடமும் யாரும் கேட்டதில்லை. எட்டாம் வகுப்பில் கணக்கில் முதல் மதிப்பெண் வாங்கிய என்னை, ஒன்பதாம் வகுப்புக்கு அனுப்பாமல் ஏலக்காய்த் தோட்டத்துக்கு அனுப்பினார்கள். என்னைவிட மட்டமாகப் படித்தவன் பாங்கில் உட்கார்ந்தான். அந்த எரிச்சல் இன்றும் ஆறவில்லை, ஆறவும் வேண்டாம். போடியில் பழைய பேப்பர் கடையிலிருந்து அட்டையில்லாத ஓர் இயற்கணிதப் புத்தகத்தை எடுத்துவந்து, சொல்லித்தர ஆளில்லாமல், ஒரு பக்கத்தைப் பத்து முறை படித்து, x என்றால் என்னவென்று நானே தெரிந்துகொண்டேன். தெரியாத எண்ணுக்கு ஒரு பெயர் வைத்துவிட்டால் போதும், அது தெரிந்த எண்ணைப்போலவே நமக்குக் கட்டுப்படும் என்று புரிந்த நாளில் தோட்டத்தின் நடுவில் நின்று சத்தமாகச் சிரித்தேன். அதைப் பகிர்ந்துகொள்ள ஓர் ஆள் கிடையாது. பிறகு போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் கணக்குப்பிள்ளையானேன். என் x அங்கே யாருக்கும் தேவைப்படவில்லை.

நீ ஐந்தாம் வகுப்பு. அந்த எஸ்டேட்டின் ஸ்டோரில், அதாவது பச்சைக்காயைச் சூடேற்றிக் காயவைக்கும் கட்டடத்தில், அடுப்புக்காரன். எவ்வளவு காயைத் தட்டில் பரப்புவது, எப்போது விறகைக் கூட்டுவது, எப்போது சன்னலைத் திறந்து ஈரத்தை வெளியே விடுவது, எல்லாம் உன் பொறுப்பு. காய் வெளிறாமல் பச்சை நிறத்தோடு இறங்கினால் அது உன் கை. அதை நான் அன்றும் ஒப்புக்கொண்டேன். உன் கணக்கைத்தான் ஒப்புக்கொள்ளவில்லை.

மேனேஜர் வந்து கேட்ட அந்தக் காலை உனக்கு நினைவிருக்கும். மலையாளம் கலந்த தமிழ் பேசுகிறவர். “முப்பத்தாறு கிலோ க்ளீன் காய் வேணும் கேட்டோ. எத்ர பச்சக்காய் ஏத்தணும்?” என்று என்னைப் பார்த்துத்தான் கேட்டார். நான் தாளை எடுத்து x என்று எழுதி, பச்சைக்காய் காய்ந்தால் ஐந்தில் ஒரு பங்கு, அதில் காம்பும் தூசும் வெடித்த காயும் பத்தில் ஒரு பங்கு கழிவு என்று சமன்பாட்டைக் கட்டிக்கொண்டிருந்தேன். நீ அடுப்புக்குள் விறகைத் தள்ளியபடி, திரும்பிக்கூடப் பார்க்காமல் ஆரம்பித்தாய்.

“பொய்யா ஒரு அம்பதுன்னு வச்சுக்கிருவோம் சார். அம்பது காஞ்சா பத்து. பத்துல ஒன்னு கழிஞ்சா ஒம்பது. நமக்கு வேண்டியது முப்பத்தாறு. ஒம்பதுக்கு முப்பத்தாறு நாலு மடங்கு. அப்ப அம்பதுக்கு நாலு மடங்கு, எரநூறு.”

“இந்த அம்பது எவிடெருந்து வந்து?” என்றார் மேனேஜர்.

“எங்கருந்தும் வரல சார். சும்மா வச்சது. பின்னாடி அதுவே சரியாப் போயிரும்.” அத்தோடு நிற்கவில்லை நீ. எப்போதும் செய்வதுபோல் விடையைத் திரும்பப் போட்டுப் பார்த்தாய். “எரநூறு காஞ்சா நாப்பது. நாலு கழிஞ்சா முப்பத்தாறு. பொருந்துது.”

மேனேஜர் சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினார். “கணக்குப்பிள்ளே, நிங்ஙள் எழுதித் தீர்ந்தோ?”

நான் இரண்டாவது வரியில் இருந்தேன். விடை அதேதான் வந்தது. ஆனால் கேட்க ஆளில்லை. அதற்குப் பிறகு அவர் என்னிடம் கேட்கவே இல்லை. நேராக அடுப்படிக்குப் போய்விடுவார். தாளும் பேனாவும் இல்லாமல், பொய்யான ஓர் எண்ணை நடுவில் வைத்து, எனக்கு முன்னால் நீ போய்ச் சேருகிறாய் என்பதை என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. கஷ்டப்பட்டுக் கற்றவனுக்கு, கஷ்டப்படாமல் வருகிறவனைப் பார்த்தால் வரும் பொறாமை அது. அன்று அதை நான் பொறாமை என்று சொல்லவில்லை. முறை, ஒழுங்கு, அறிவு என்று வேறு பெயர்கள் சொல்லிக்கொண்டேன்.

போடியிலிருந்து எஸ்டேட்டுக்கு ஆளேற்றிப்போகும் காலை ஜீப்பில் நம் வழக்கம் ஒன்று இருந்தது. மலையடிவாரத்தில் முந்தல் தாண்டி முதல் வளைவில் ஜீப் திரும்பும்போது யாராவது ஒரு கணக்கைக் கேட்க வேண்டும். போடிமெட்டு செக்போஸ்ட் வருவதற்குள் விடை சொல்ல வேண்டும். பதில் சொல்ல முன்வந்து தோற்றவன், வண்டியில் வந்த அத்தனை பேரின் தூக்குச்சட்டியையும் எஸ்டேட்வரை சுமக்க வேண்டும். பெரும்பாலும் நீதான் சொல்வாய். காய் பறிக்கும் பெண்களில் வாய்க்காரியான பேச்சியம்மாள்தான் அதிகம் கணக்குக் கேட்கிறவள்.

“எங்கிட்ட ஒரு குமி நெல்லு இருக்கு. அதோட காவாசி அதுலயே சேந்தா பதினஞ்சு படி. அப்ப குமி எம்புட்டுய்யா?”

“நாலுன்னு வச்சுக்க. காவாசி ஒன்னு. சேத்தா அஞ்சு. பதினஞ்சுக்கு மூணு மடங்கு. நாமூணு பன்னெண்டு” என்பாய், வண்டி இரண்டாவது வளைவைத் தொடுவதற்குள்.

“ஆத்தாடி, இவன் வயித்துக்குள்ள படிய வச்சிருக்கான்டி!” என்பாள் பேச்சி. வண்டியே சிரிக்கும்.

அந்தச் சிரிப்பை உன்னிடமிருந்து பிடுங்க வேண்டும் என்று முடிவு செய்தேன். உன் வழி எங்கே வேலை செய்யும், எங்கே செய்யாது என்று உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். குவியல் இரட்டித்தால் விடையும் இரட்டிக்கிற கணக்கில்தான் ஒரு பொய் எண் போதும். நடுவில் நிலையான ஓர் எண் நுழைந்துவிட்டால் மடங்கு பொருந்தாது. புத்தகத்தில் தேடி, அப்படிப்பட்ட ஒன்றை எடுத்துவைத்தேன். அதை எடுத்துவைத்து நான்கு நாள் காத்திருந்தேன், மாப்ளே. வாய் தவறி வந்தது இல்லை. வண்டி நிறைய ஆள் இருக்கும் நாளுக்காக, வாரச் சம்பளத்துக்கு அடுத்த திங்கட்கிழமைக்காகக் காத்திருந்தேன்.

முதல் வளைவில் நான் கேட்டேன். “அப்பன் வயசு மகன் வயசப்போல மூணு மடங்கு. பத்து வருசம் கழிச்சு ரெண்டு மடங்கு. இப்ப மகனுக்கு என்ன வயசு?”

“மாப்ளே இன்னைக்குக் களத்துல எறங்கிட்டான்டோய்” என்று நீ சந்தோஷப்பட்டாய். உண்மையாகவே சந்தோஷப்பட்டாய். “மகனுக்கு அஞ்சுன்னு வச்சுக்க. அப்பனுக்குப் பதினஞ்சு.”

“பதினஞ்சு வயசுக்குள்ள புள்ள பெத்து அஞ்சு வயசாக்க முடியுமா? வெளங்குன அப்பன்தான்” என்றாள் பேச்சி.

“பொய்க்குத்தான ஆத்தா வைக்கிறோம், இரு. பத்து வருசம் கழிச்சு மகனுக்குப் பதினஞ்சு, அப்பனுக்கு இருபத்தஞ்சு. ஆனா முப்பதுல்ல இருக்கணும்?” விரல்களை மடக்கினாய். “இருபத்தஞ்ச முப்பதாக்கணும்னா, அஞ்சுக்கு ஆறு. அப்ப மகனுக்கு ஆறு.”

ஆறு என்று நீ சொன்னதும் எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. நான் வாயைத் திறப்பதற்கு முன்பே நீ திரும்பப் போட்டுப் பார்த்துவிட்டாய். “இரு இரு. மகனுக்கு ஆறு, அப்பனுக்குப் பதினெட்டு. பத்து கூட்டுனா பதினாறு, இருபத்தெட்டு. இல்ல. பொருந்தல. தப்பு.”

உன் தப்பை நீயே, நாங்கள் யாரும் கண்டுபிடிப்பதற்கு முன், வண்டி முழுக்கக் கேட்கும்படி சொன்னாய். உன் வழியை நீ எவ்வளவு நேர்மையாக வைத்திருந்தாய் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? நான் என்ன செய்தேன்? கை கொட்டினேன்.

“பொய்யில ஆரம்பிச்சா பொய்யிலதான் முடியும். இதுக்குப் பேரு கணக்கு இல்ல, குத்துமதிப்பு. இத்தன நாளா இவன் அள்ளி விட்டதெல்லாம் குத்துமதிப்பு!”

நீ விரல்களை மடக்குவதும் விரிப்பதுமாக இருந்தாய். செக்போஸ்ட் வந்துவிட்டது. பேச்சி தன் தூக்குச்சட்டியை உன் மடியில் வைத்தாள். “ஏய்யா குத்துமதிப்பு, எறங்குய்யா. சட்டியப் பாத்துத் தூக்கு, கொழம்பு சிந்திரும்.” அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். அந்த ஒரு சொல்லில் வண்டி விழுந்து விழுந்து சிரித்தது. பெயர் நின்றுவிட்டது.

அது அத்தோடு போயிருந்தால்கூட, ஜீப்பில் வைக்கிற பெயர்தானே, எல்லோருக்கும் ஒன்று இருந்ததுதானே என்று இன்று சமாதானம் சொல்லிக்கொள்வேன். போகவில்லை. பெயர் ஸ்டோருக்கு வந்தது. அங்கிருந்து மேனேஜர் காதுக்குப் போனது. பத்து நாள் கழித்து, என் மேசைக்கு முன்னால் நின்று அவர் கேட்டார். “அவன் குத்துமதிப்பாயிட்டாணோ காய் ஏத்துறான்? ஒரு லோடு கருகிப் போனா யாரு பதில் சொல்லும்?”

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? மூன்று ஆண்டில் அவன் போட்ட எந்த லோடும் கருகவில்லை, அவன் சொன்ன அளவு ஒருமுறைகூடத் தப்பவில்லை, நானே தாளில் போட்டுச் சரிபார்த்திருக்கிறேன் என்று. எல்லாம் எனக்குத் தெரியும். நான் சொன்னது ஒரே சொல். “ஆமா சார்.”

அடுத்த வாரம் உன்னை ஸ்டோரிலிருந்து எடுத்து மருந்தடிக்க அனுப்பினார்கள். முதுகில் பம்பு, முகத்தில் நனைந்த துண்டு. ஏலச்செடிக்கு இடையில் புகைபோல் மருந்து நிற்கும். அதற்குள் நீ நடந்தாய். பதினெட்டு ஆண்டு நடந்தாய். ஸ்டோரில் காயின் அளவைச் சொல்லும் வேலை எனக்கு வந்தது. ஒவ்வொரு முறையும் x போட்டேன். வந்த விடை ஒவ்வொன்றும் நீ சொல்லியிருக்கக்கூடிய விடைதான். அதை நான் அறிந்தே எழுதினேன். புது அடுப்புக்காரன் ஒருநாள், “பழைய ஆளு இதையே வாயால சொல்லுவாராம்ல?” என்றான். அவனை அதட்டி அனுப்பினேன்.

நீ ஜீப்பில் என்னோடு பேசுவதை நிறுத்தவில்லை. மாப்ளே என்று கூப்பிடுவதையும் நிறுத்தவில்லை. கணக்குப் போடுவதை மட்டும் நிறுத்திவிட்டாய். பேச்சி கேட்டால், “நமக்கெதுக்கு ஆத்தா, கணக்குப்பிள்ளையக் கேளு” என்பாய். அதில் குத்தல் இருக்கிறதா என்று நான் ஆண்டுக்கணக்கில் தேடினேன். இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

இனி, நான் உன்னிடம் சொல்லாமல் மறைத்த ஒன்றைச் சொல்கிறேன். நீ போவதற்கு ஆறு மாதம் முன்பு, போடி நூலகத்தில் ஒரு புத்தகம் கிடைத்தது. பழங்கால எகிப்தியர்கள் எப்படிக் கணக்குப் போட்டார்கள் என்பது பற்றியது. மூவாயிரத்து ஐந்நூறு ஆண்டுக்கு முந்தைய ஒரு பாப்பிரஸ் சுருளில், அந்த ஊர்க் கணக்கர்கள் எழுதிவைத்த கணக்குகளை எடுத்துப் போட்டிருந்தார்கள். அவர்களிடம் x கிடையாது. தெரியாத எண்ணைக் குவியல் என்றே சொல்லியிருக்கிறார்கள். ஒரு குவியல், அதனுடன் அதன் கால் பங்கு சேர்ந்தால் பதினைந்து, குவியல் எவ்வளவு? நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பேச்சியம்மாளின் குமி! விடையும் அப்படியே இருந்தது. நான்கு என்று வைத்துக்கொள். கால் பங்கைச் சேர்த்தால் ஐந்து. பதினைந்து வர ஐந்தை மூன்று மடங்காக்கு. அப்படியானால் நான்கையும் மூன்று மடங்காக்கு. பன்னிரண்டு.

அடுத்த கணக்கு. ஒரு குவியல், அதன் ஏழில் ஒரு பங்கு சேர்ந்தால் பத்தொன்பது. ஏழு என்று வைக்கிறார்கள், எட்டு வருகிறது. எட்டைப் பத்தொன்பதாக்க என்ன மடங்கு என்று, இரட்டித்தும் பாதியாக்கியும் தேடுகிறார்கள். ஒன்றுக்கு எட்டு, இரண்டுக்குப் பதினாறு, மீதி மூன்று. காலுக்கு இரண்டு, அரைக்காலுக்கு, அதாவது எட்டில் ஒரு பங்குக்கு, ஒன்று. ஆக, இரண்டே காலே அரைக்கால் மடங்கு. கடைசியில் குவியல் பதினாறும் அரையும் அரைக்காலும். ஒன்றின் கீழ் எண் வைத்த பின்னங்களைத்தான் அவர்கள் பெரும்பாலும் எழுதுவார்களாம். அரை, கால், அரைக்கால் என்று நீ சொல்வதுபோலவே. உன் அப்பா புளி நிறுத்து விற்றவர். அந்தப் பின்னங்களை அவர் வாயிலிருந்து பிடித்துவந்தாய். பள்ளிக்கூடத்துப் பின்னம் எழுதத் தெரியாதவன் என்று அதற்கும் உன்னைக் கிண்டல் செய்திருக்கிறேன்.

இன்னொன்றும் இருந்தது. விடை வந்தபிறகு அந்தக் கணக்கர்கள் அதைத் திரும்பக் கூட்டிக் காட்டியிருக்கிறார்கள். பதினாறும் அரையும் அரைக்காலும், அதோடு அதன் ஏழில் ஒன்று, சேர்ந்து பத்தொன்பது. நீ “பொருந்துது” என்று சொல்கிற இடம்.

பொய் எண்ணை வைத்து உண்மைக்குப் போகிற இந்த வழிக்கு அறிஞர்கள் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள் என்றும், பல நூற்றாண்டுகள் பல நாடுகளில் இதைக் கற்பித்தார்கள் என்றும் அந்தப் பக்கத்தின் அடியில் எழுதியிருந்தது. நான் x-ஐ விட்டுக்கொடுக்க மாட்டேன், மாப்ளே. அதுதான் பெரிய வழி. நீ தடுக்கிய இடத்தில் அது தடுக்கி விழாது. இன்றும் அதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது. ஆனால் நீ செய்தது குத்துமதிப்பு இல்லை. குத்துமதிப்பாகச் சொல்கிறவன் உத்தேசமாக ஓர் எண்ணைச் சொல்லிவிட்டு அதிலேயே நின்றுகொள்வான். நீ வைத்த எண் பொய் என்று உனக்குத் தெரியும். அது எவ்வளவு பொய் என்று அளந்து, அந்த அளவாலேயே திருத்தினாய்.

அந்தப் பக்கங்களை நகலெடுத்து, மடித்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டு உன்னைத் தேடி வந்தேன். ஜீப் ஸ்டாண்டு டீக்கடையில் உட்கார்ந்திருந்தாய். இரண்டு வாய் டீக்கு ஓர் இருமல்.

“என்ன மாப்ளே, பையில காகிதம் துருத்திக்கிட்டு நிக்கிது? எவன் மேலயாச்சும் கேசு போட்டிருக்கியா?”

“கரண்டு பில்லு” என்றேன்.

“கரண்டு பில்லயா இப்படி நெஞ்சோட அணைச்சு வச்சிருக்க? ஷாக்கு அடிச்சிரப் போகுது.” சிரித்தாய். சிரிப்பு இருமலாகி, முதுகை நான் தடவிவிட வேண்டியதாயிற்று.

கை உன் முதுகில் இருந்தது. காகிதம் என் பையில் இருந்தது. ஒரு சொல் போதும். அவன் முதலில் பேச்சை எடுக்கட்டும், அவனே கேட்கட்டும், அப்போது காட்டலாம் என்று மனம் கணக்குப் போட்டது. நீ எடுக்கவில்லை. இந்த வருஷம் மழை பொய்த்துவிட்டது, காயெல்லாம் சிறுத்துவிட்டது என்று பேசினோம். டீக்குக் காசு நீதான் கொடுத்தாய். அடுத்த வாரம் தரலாம் என்று வந்துவிட்டேன். அப்படி இருபது வாரத்துக்கு மேல் போனது.

நேற்று இரவு இதுவரை எழுதி நிறுத்தினேன். இன்று காலை ஒன்பதரைக்கு உன் வீட்டுக்குப் போனேன். செல்வி மாவரைத்துக்கொண்டிருந்தாள். கிரைண்டரை நிறுத்திவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

“பாத்துட்டீங்களா மாமா? பிழை இருக்கா?”

“இருக்கு ஆத்தா” என்று உன் இரண்டாவது பெயர்மேல் விரலை வைத்தேன்.

“அது சரியாத்தான இருக்கு?”

“எழுத்து சரி. அந்தப் பேர வச்சது யாரோ இல்ல. நான்.”

உட்காரச் சொன்னாள். உட்காரவில்லை, நின்றுகொண்டே சொன்னேன். ஜீப், கணக்கு, நான்கு நாள் காத்திருந்தது, மேனேஜர் கேட்டது, நான் சொன்ன ஒரு சொல். நகலெடுத்த பக்கங்களையும் கொடுத்தேன். அவள் அதைப் பிரிக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள்.

“அப்பாவ ஸ்டோர்ல இருந்து எடுத்தது இதனாலயா?”

“ஆமா.”

“மருந்தடிக்கிற சோலி வேணாம்னு அம்மா எத்தன நாளு அழுதுச்சு தெரியுமா மாமா? உங்க வீட்டுக்கு வந்து, மேனேஜர்ட்ட ஒரு வார்த்த சொல்லுங்கண்ணேன்னு கேட்டுச்சே. ஞாபகம் இருக்கா?”

இருக்கிறது. முயற்சி செய்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். செய்யவில்லை.

“அப்பாவுக்கு இது தெரியுமா? நீங்க ஆமான்னு சொன்னது?”

“தெரியாதுன்னுதான் நெனச்சிருந்தேன். இப்பத் தெரியல.”

அவள் கிரைண்டர் மூடியை எடுத்து, திரும்ப வைத்தாள். நான்தான் சொன்னேன். “அந்தப் பேர எடுத்துரு ஆத்தா. பிரஸ்ஸுக்கு நானே போயிச் சொல்றேன்.”

“எடுத்தா யாருக்கு மாமா தெரியும்? மலைக்கு மேல, ராசிங்காபுரத்துல, ஜீப்பு ஸ்டாண்டுல எல்லாருக்கும் அவரு குத்துமதிப்புதான். அவரோட நெசப் பேரச் சொன்னா எங்க அத்தைக்கே ஒரு நிமிசம் ஆகும். அது இப்ப எங்கப்பா பேரு. நீங்க நெனச்சப்ப வைக்கவும், நெனச்சப்ப எடுக்கவும் அது உங்களுது இல்ல.”

பிறகு தாளைச் சுவரில் வைத்து, பேனாவை எடுத்தாள். போஸ்டரின் அடியில் ‘கண்ணீருடன்’ என்று போட்டு, வீட்டார் பெயர்களுக்குக் கீழே, ‘உயிர் நண்பர்’ என்று என் பெயரைச் சேர்த்திருந்தாள். அதன்மேல் ஒரு கோடு இழுத்தாள். கோணாமல், நிதானமாக, பெயர் முடியும்வரை இழுத்தாள்.

“இத மட்டும் எடுத்துர்றேன்” என்றாள்.

அவள் செய்தது சரி. நான் வாதாடவில்லை. என் வாழ்நாளில் நான் எதிர்வாதம் பேசாமல் ஏற்றுக்கொண்ட ஒரே தீர்ப்பு அதுவாகத்தான் இருக்கும். காகிதத்தைத் திருப்பித் தருவாளோ என்று நின்றேன். தரவில்லை. படிப்பாளா, அடுப்பில் போடுவாளா என்று கேட்கிற உரிமை எனக்கு இல்லை.

வீட்டுக்கு வந்து மீதியை எழுதுகிறேன். ஏனென்றால் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன் என்பதும் உண்மை இல்லை. ஒன்றை வைத்துக்கொண்டேன். அதைச் சொல்லும் தைரியம் அந்தக் கோட்டுக்குப் பிறகு எனக்கு வரவில்லை. அது உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்தது.

அந்தத் திங்கட்கிழமைக்கு அடுத்த வியாழன் சாயங்காலம் நீ என் வீட்டு வாசலுக்கு வந்தாய். செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அவ்வளவு அவசரம். முகம் மலர்ந்திருந்தது. தூக்குச்சட்டி சுமந்ததோ, பெயர் வைத்ததோ எதுவும் அந்த முகத்தில் இல்லை.

“மாப்ளே, மகனுக்குப் பத்து! அப்பனுக்கு முப்பது. போட்டுப் பாத்துட்டேன், பொருந்துது. எப்படி வந்துச்சு தெரியுமா? ஒரு பொய் பத்தாது மாப்ளே. மொதல்ல அஞ்சுன்னு வச்சேன்ல, அஞ்சு கொறஞ்சுச்சு. அப்பறம் ஆறுன்னு வச்சேன்ல, நாலு கொறஞ்சுச்சு. அப்பத்தான் எனக்கு…”

“செக்போஸ்ட்டு தாண்டியாச்சு” என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

நான் விரித்த கண்ணியை மூன்று நாளில் நீயே அவிழ்த்துவிட்டு, அதைச் சொல்லச் சந்தோஷமாக என்னிடமே ஓடிவந்தாய். இந்த மலையில் அதைக் கேட்டுப் புரிந்துகொள்ளக்கூடிய ஒரே ஆள் நான்தான் என்பதால் வந்தாய். எனக்கும் உன்னைத் தவிர வேறு ஆள் கிடையாது. புத்தகத்தோடு தோட்டத்தின் நடுவில் தனியாகச் சிரித்தவன், தன்னைப்போல் இன்னொருவன் சிரித்துக்கொண்டு வாசலில் நின்றபோது கதவைச் சாத்தினான். நீ உடனே போகவில்லை. கதவுக்கு இந்தப் பக்கம் நான் நின்றேன். அந்தப் பக்கம் உன் செருப்பு ஒருமுறை மண்ணில் உரசும் சத்தம் கேட்டது. பிறகு நடந்தாய்.

அடுத்து நீ என்ன சொல்லியிருப்பாய் என்று எனக்குத் தெரியும். ஒரு வயது கூட்டினால் ஒரு குறை தீர்கிறது, இன்னும் நாலு கூட்டினால் நாலும் தீர்ந்துவிடும். அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் ‘அப்பத்தான் எனக்கு’ என்ற இடத்தில் உன் வாயிலிருந்து என்ன சொல் வரவிருந்தது என்பது எனக்குத் தெரியாது. நான் கண்டுபிடித்தது என் சொல். உன்னுடையது அந்த வாசலிலேயே நின்றுவிட்டது. காலையில் பல் துலக்கும்போதும், பஸ்சுக்கு நிற்கும்போதும், நான் கேட்காமலே உன் குரல் அந்த இடம்வரை வருகிறது. அங்கே நிற்கிறது. நான் காத்திருக்கிறேன்.